தாச்சி கைமாறும் வரிசையில்

குருநாகல் மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தின் கரை உடைந்திருந்தது. அதைக் கட்ட ஊரே வரிசையில் நின்றது. மண் நிரம்பிய தாச்சி என்கிற இரும்புச் சட்டி கைக்குக் கை மாறி மேலே போக, வெற்றுத் தாச்சி இன்னொரு வரிசையில் இறங்கி வந்தது. என் இடப்பக்கம் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியை. வலப்பக்கம் நெதர்லாந்திலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த ஓர் இளைஞன். நான் தமிழ்நாட்டிலிருந்து அதே வேலைக்காகப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. தாச்சியை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஆசிரியை என்னை "நங்கி" என்றார். தங்கை. அந்த இளைஞன் "மல்லி". தம்பி. வெளிநாட்டுக்காரர்கள் என்று எங்களைத் தனியே நிறுத்தி ஒரு மாலை போட்டிருந்தால் அன்றைக்கே அந்நியமாகியிருப்போம். போடவில்லை.

முறைப்பெயர்களில் முதலில் தடுமாறினேன். அக்காவும் மாமாவும் அங்கேயும் அக்கா, மாமாதான். ஆனால் சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன், "தாத்தா" என்றால் அப்பா. ஒரு சிறுமி நாற்பது வயதுக்காரரைத் தாத்தா என்று கூப்பிட, நான் திரும்பித் திரும்பிக் கிழவரைத் தேடினேன். கையில் இருந்த கருவியோ நம்முடையது. நாம் மம்பட்டி என்கிற மண்வெட்டி, இலங்கை ஆங்கிலத்தில் மமோட்டியாகவே நிலைத்துவிட்டது.

இப்படிக் கூலியின்றிக் கூடி உழைப்பதற்கு அங்கே சிரமதானம் என்று பெயர். அது அங்கே அன்றாடச் சொல். தமிழ்ப் பள்ளிகளிலும் நாளைக்குச் சிரமதானம், மண்வெட்டி கொண்டு வாருங்கள் என்று சாதாரணமாக அறிவிப்பார்கள். நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்பவருக்கு முதலில் நினைவில் வருவது சிரமம், அதாவது தொல்லை. உழைப்பு என்ற பழைய பொருள் நம் பேச்சில் தேய்ந்துவிட்டது. செயலும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது.

இலங்கையில் இந்த வழக்கத்துக்கு உருக் கொடுத்தவர் ஏ. டி. ஆரியரத்ன. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1958 டிசம்பரில் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனதொலுவ என்ற ஊருக்குப் போனார். சிங்களச் சாதி அடுக்கில் கடைசியில் வைக்கப்பட்டு, பிச்சையெடுத்துப் பிழைக்கும்படி ஒதுக்கப்பட்ட ரொடியா மக்களின் ஊர் அது. மாணவர்கள் அங்கேயே தங்கினார்கள், கிணறு தோண்டினார்கள், கழிப்பிடம் கட்டினார்கள். கிணற்றைவிடப் பெரிய காரியம், அந்த மக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது என்பேன். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்து பிறகு பல்லாயிரம் ஊர்களுக்குப் போனது. சர்வோதயம் என்ற பெயர் காந்தியிடமிருந்து எடுத்தது. ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலை 1908-இல் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது அவர் இட்ட தலைப்பு அது. காந்திக்கு அது எல்லோரின் நலம். ஆரியரத்ன அதை எல்லோரின் விழிப்பு என்று பௌத்தத்துக்குள் திருப்பிக்கொண்டார்.

இந்தத் திருப்பம் நாங்கள் இருந்த முகாமின் நடைமுறையிலேயே தெரிந்தது. தானம், இனிய சொல், பயனுள்ள செயல், சமமாக நடத்தல் என்று புத்தர் சொன்ன நான்கும் அங்கே முகாம் விதிகள். நங்கி, மல்லி என்று கூப்பிடுவதே இரண்டாவது விதியிலிருந்து வருவதுதான். நாளின் நடுநாயகம் மண் வேலை அல்ல, "பவுல் ஹமுவ" என்கிற குடும்பக் கூட்டம். காலையில் இலைக்கஞ்சி குடித்துவிட்டு ஒருமுறை கூடுவோம், பிறகு மதியம், இரவு. பௌத்தர் வணக்கம் முதலில் வரும். இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ இருந்தால் அவர்கள் பிரார்த்தனையும் உண்டு. என்னைக் கேட்டபோது ஒரு தேவாரம் பாடினேன். அப்புறம் வேலைக் கணக்கு, பாட்டு, யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்பது வரை பேச்சு. எட்டு வயதுப் பையன் எழுந்து, மதியம் தண்ணீர் பின்வரிசைக்கு வரவில்லை என்றான். பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள், மறுநாள் வந்தது.

பிக்குவின் இடம் எனக்குப் புதிது. விநயம் என்கிற துறவு விதிப்படி பிக்கு மண்ணைத் தோண்டக் கூடாது. மண்ணுக்கும் உயிர் உண்டு என்று அன்றைய மக்கள் கருதியதால் வந்த கட்டுப்பாடு. ஆனாலும் ஊரைக் கூட்டுபவர் அவர்தான். விகாரை மணி அடித்தால் வருகிறவர்கள் கிராம அதிகாரி கூப்பிட்டு வருவதில்லை.

இனி நம் பக்கம். கல்லூரியில் நானும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் உழைப்பு, ஒரு ஏழு நாள் முகாம், முடிவில் சான்றிதழ். நாங்கள் ஒரு கிராமத்தில் கோயில் வளாகத்தில் களை எடுத்தோம், தெருவைப் பெருக்கினோம். நன்றாகவே உழைத்தோம். ஆனால் பள்ளிக் கட்டடத்தில் தங்கி, நாங்கள் சமைத்த தக்காளி சாதத்தை நாங்களே சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சேரிப் பக்கம் எங்களை யாரும் கூட்டிப் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றாமல் போனது இன்றும் உறுத்துகிறது. மணி நேரத்தை எண்ணினோம். ஏழு நாளில் ஒருவர் பெயரையாவது தெரிந்துகொண்டோமா என்றால் இல்லை.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கூலியில்லா உழைப்பு என்றாலே நம் ஊரில் அடிமட்டத்தில் இருப்பவருக்கு வெட்டி என்ற பழைய கட்டாய வேலைதான் நினைவுக்கு வரும். ஏரி, கால்வாய்களை ஊரே பராமரித்த குடிமராமத்து 1858-இல் ஆங்கில அரசின் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரை மீட்டபோது அது அரசுப் பணத்தில் நடக்கும் வேலையாக வந்தது. இலங்கையிலும் ராஜகாரிய என்ற கட்டாய ஊழியம் இருந்து 1832-இல் ஒழிந்தது. அங்கே பழைய கசப்பின்மேல் புண்ணியம் என்ற சொல் வந்து படிந்துகொண்டது. சிங்களத்தில் "பின்". நமக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் பக்கம் ஆழமாகத் தோண்டியது. காந்தியின் சீடர் வினோபா 1951 ஏப்ரல் 18-இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நின்றபோது, தலித் மக்கள் அவரிடம் கேட்டது 80 ஏக்கர் நிலம். நிலக்காரர் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தந்தார். பூதானம் என்ற நிலக்கொடை இயக்கம் அங்கே பிறந்து 40 லட்சம் ஏக்கருக்கு மேல் திரட்டியது. அதில் பெரும்பகுதி உழுபவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், நிலம் யாருடையது என்ற கேள்வி வெளியே வந்துவிட்டது. கீழவெண்மணியில் 1968-இல் தலித் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு, சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனது அந்தக் கேள்வியோடுதான். 1981-இல் உழுபவருக்கு நிலம் என்று லாப்டி அமைப்பைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தலித் பெண்களின் பெயருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். இலங்கைச் சர்வோதயம் வினோபாவிடம் நிறையக் கற்றது. ஆனால் பெரும்பாலும் கேட்டது உழைப்பைத்தான். நிலக்காரரை முகத்துக்கு நேரே நிறுத்தவில்லை.

வெளிநாட்டுத் தொண்டருக்கும் இரு நாடும் வேறுவேறு. 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் தோழர்களோடு வந்து ஊர்களைத் திரும்பக் கட்ட மண் சுமந்தார். அப்படி ஒரு தொடக்கம் நமக்கு இருந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஒரே கடல் சுனாமியாக இரு கரையையும் அடித்தது. இந்தியா வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்றது. இலங்கையிலோ, கடற்கரை விடுதிகளுக்கு ஓய்வெடுக்க வந்தவர்கள்கூட அங்கேயே நின்று இடிபாடு அள்ளினார்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். விருந்தாளியை வேலைக்குச் சேர்த்துக்கொள்ள ஒரு சமூகத்துக்குப் பழக்கம் வேண்டும், அது அங்கே இருந்தது.

குளக்கரை வேலை நான்காம் நாள் முடிந்தது. எனக்குப் பின்னால், வெற்றுத் தாச்சி இறங்கும் வரிசையில் நான்கு நாளும் நின்ற ஒரு கிழவி, பிளேன் டீயோடு கித்துள் கருப்பட்டித் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். கையெல்லாம் கொப்புளம். கரைக்குக் கீழே பச்சைக்குத் தயாராக வயல்கள் விரிந்திருந்தன. உங்கள் வயல் எது என்று ஆசிரியையைவிட்டுக் கேட்டேன். கிழவி சிரித்தார்.

"வயலா? எனக்கு ஏது மகளே? பின் கிடைக்கும் என்று வந்தேன்."

அன்றிரவுக் கூட்டத்தில் அவர் என் பக்கத்திலேதான் உட்கார்ந்தார். வேலைக் கணக்கு வாசித்தார்கள். பாட்டுப் பாடினார்கள். வயல்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.