பூட்டுடைய தேயிலைப் பேழைகள்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 1784ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கும் வரை, தேயிலை பணியாளர் கையில் விடப்படாமல் வீட்டுத் தலைவியின் சாவிக்குள் அடங்கிய பண்டமாக இருந்தது. அதைக் காத்த பேழையின் ஆங்கிலப் பெயரான 'கேடி', ஏறத்தாழ 600 கிராம் எடையைக் குறிக்கும் 'காட்டி' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

மணம் போகாதிருக்க உட்புறத்தில் ஈயம் கலந்த மெல்லிய தகடு ஒட்டப்பட்டது. வெளிப்புறத்திலோ கைவினைஞரின் கற்பனைக்கு எல்லை இல்லை. இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் சென்ற முதிரை மரம் பொன்னிறப் பளபளப்புக்காக மெல்லிய மேலொட்டுப் பலகையாக அறுக்கப்பட்டது. அழுங்காமையின் ஓட்டை வெப்பத்தால் இளக்கித் தட்டையாக்கி, அடியில் நிறம் தீட்டி, மரச்சட்டத்தில் ஒட்டியபோது அது உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றியது. அந்த அழகுக்கு ஓர் உயிரினம் கொடுத்த விலை பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனினும் கலைநயத்தில் முதலிடம் பெறத்தக்கவை, ஆப்பிள், பேரி முதலிய பழமரங்களைக் கடைந்து, அப்பழங்களின் வடிவிலேயே, காம்பு உட்பட உருவாக்கப்பட்ட எளிய பேழைகளே. மரம் உலரும்போது இழைக்குக் குறுக்கே மிகுதியாகச் சுருங்குவதால், இரு நூற்றாண்டு கடந்த உண்மையான பழப்பேழை முழு வட்டமாக இராமல் சற்றே நீள்வட்டமாக இருக்கும்.