பாரசீகச் சுவடிகளும் பொதுவாசகரும்: துஸக்-இ-வாலாஜாஹி மொழிபெயர்ப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சிக் காலத்தில் இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் அடங்கிய நிலப்பகுதியில் மூன்று மொழிகள் பேச்சிலும், நான்காவதாகப் பாரசீகம் ஆட்சி எழுத்திலும் வழங்கின. தமிழும் தெலுங்கும் தக்கணி உருதுவும் வீதியில் நின்றன. வரி, மானியம், போர், உடன்படிக்கை ஆகியவை பாரசீகத்தில் பதிவாயின. இப்பதிவுகளுள் தலையாயது நவாபு முகம்மது அலி வாலாஜாவின் (ஆட்சி 1749-1795) ஆணைப்படி புர்ஹான் இப்னு ஹசன் இயற்றிய துஸக்-இ-வாலாஜாஹி. இதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். முகம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பல்கலைக்கழகம் அதனை 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. தமிழ் ஆய்வாளர் பலரும் இந்நூலை இவ்வாங்கில வடிவின் வழியாகவே அறிந்துவருகின்றனர். அவ்வழிப் பயணத்தில் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

நூலின் பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 'துஸுக்' என்பது துருக்கிய மூலமுடைய சொல். ஒழுங்கு, ஆணைமுறை என்பன அதன் பொருள். தைமூரின் பெயரால் வழங்கும் ஆணைத்தொகுப்பும், ஜஹாங்கீரின் தன்வரலாறும் இச்சொல்லைத் தலைப்பில் தாங்கியவை. அவ்வரிசையில் தன் அவையின் நூலையும் நிறுத்த வாலாஜா விரும்பினார் என்பது தலைப்பிலேயே புலனாகிறது. இதனை 'வாலாஜா வரலாறு' எனத் தமிழாக்கினால் செய்தி கிட்டும். ஆனால் தில்லிப் பேரரசின் சொல்லை ஆற்காட்டிற்கு உரியதாக்கிய அரசியல் மறைந்துவிடும். நயினார் 'துஸக்' எனவும் பிறர் 'துஸுக்' எனவும் படிப்பதற்குக் காரணம் ஒருவர் பிழையன்று. அரபு வரிவடிவில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. இரண்டாம் அசையின் உயிரைப் படிப்போரே நிரப்பவேண்டும்.

சொல்லில் தோன்றும் இந்நெகிழ்ச்சி ஊர்ப்பெயரில் பெருகுகிறது. 'சித்தூர்' எனும் பெயரைப் பாரசீகத்தில் எழுத சே, தே, வாவ், ரே என நான்கு எழுத்துகள் போதும். இடையிலுள்ள 'வாவ்' ஊகாரத்தையும் ஓகாரத்தையும் ஔகாரத்தையும் ஒருங்கே குறிக்கவல்லது. வளைநா ஒலிகளைத் தனியே குறிக்காத கையெழுத்தில் மேவாரின் சித்தோடும் இதே நான்கு எழுத்துகளால் எழுதப்படும். எழுத்தைக் கொண்டன்று, சூழலைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய இயலும். ஆற்காடு என்பதன் றகரமும் டகரமும் பாரசீக எழுத்தில் நிற்பதில்லை. அந்நகரின் பெயர் தாங்கிய நாணயங்களில் 'அர்காத்' என்றே பொறிக்கப்பட்டது. திருப்பதியின் முதலிரு அசைகளிலும் உள்ள குற்றுயிர்களைப் படிப்போரின் ஊர் அறிவே தரவேண்டும். கம்பெனி ஆவணங்களில் காணப்படும் 'திரிப்பெட்டி' போன்ற வடிவங்களை நோக்க, ஆங்கிலேயர் செவிவழிக் கேட்டதையும் தெளிவாக எழுதிவிடவில்லை என்பது விளங்கும். ஆகவே பாரசீகச் சுவடி ஒன்றைப் பதிப்பிப்பவர்க்கு அம்மொழிப் புலமை மட்டும் போதாது. அப்பகுதியின் தமிழ், தெலுங்கு ஊர்ப்பெயர் மரபிலும் பயிற்சி வேண்டும். நயினாரின் பணிக்குரிய தனிச்சிறப்பு, தென்னாட்டுப் பெயர்களை அயலார்போல் அணுகாமையே எனலாம்.

ஆயினும் திரிபுகள் அனைத்தையும் திருத்திவிடுவதும் நேர்மையாகாது. திருச்சிராப்பள்ளி பாரசீக நூல்களில் நத்தர் வலியின் பெயரால் 'நத்தர்நகர்' ஆகிறது. செஞ்சி முகலாயர் வெற்றிக்குப்பின் 'நுஸ்ரத்கட்' எனப் பெயர்பெற்றது. இவை ஒலித்திரிபுகள் அல்ல. பெயர் சூட்டும் உரிமையின் அடையாளங்கள். எளிமை கருதி இவற்றை நீக்கித் 'திருச்சி' என்றும் 'செஞ்சி' என்றும் எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், வாசகர்க்கு உதவுவதாக எண்ணி மூலத்தின் பார்வையையே அழிக்கிறார். முதல் வருகையில் இரு பெயரும் தந்து, பின்னர் மூலப்பெயரையே ஆளுதல் தக்கது.

இதனினும் கடினமானது புகழ்ச்சி நடை. அன்வருத்தீன்கான் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டார். வாலாஜா மரபினர் அவரை 'ஷஹீத்' என்பர். 'கொல்லப்பட்டார்' எனப் பெயர்த்தால் சொல்லின் சமயப் பொருள் உதிர்ந்துவிடும். 'வீரமரணம் எய்தினார்' என்றாலோ நடுகல்லின் உலகம் அங்கு வந்து புகுந்துவிடுகிறது. அது பாரசீக ஆசிரியர் அறியாத உலகம். 1740இல் பாகாலாவை அடுத்த தாமலசெருவில் மராட்டியரொடு பொருது மாண்ட தோஸ்த் அலிகானோ வேறு குடும்பத்தினர். ஒரே நிலப்பகுதியின் இரு நவாபுகள். இருவரும் களத்திலேயே வீழ்ந்தவர்கள். எனினும் அவைப் புலவரின் அடைமொழி யாருக்குச் செல்கிறது என்பதை எழுதுவித்த குடும்பமே தீர்மானிக்கிறது. அடைமொழிகளை அணி எனக் கருதி வெட்டும் சுருக்கப் பெயர்ப்புகளில் இச்சான்று அழிந்துபோகும்.

திருப்பதிக் கோயிலின் வருவாய் நவாபுகளின் அரசியலில் பெரும்பொருளாக இருந்தது. 1753இல் முகம்மது கமால் என்பவன் அதனைக் கைப்பற்ற முயன்று நவாபின் தரப்பினரிடம் தோற்றதை ராபர்ட் ஓர்ம் விரித்துரைக்கிறார். 1801இல் கர்நாடக ஆட்சி கம்பெனியிடம் சென்றபின், கலெக்டர் ஸ்ட்ராட்டன் 1803இல் கோயிலைப் பற்றி அறிக்கை அளித்தார். 1821இல் புரூஸின் விதித்தொகுப்பு எழுந்தது. இவ்விடைக்காலத்தில் தொகுக்கப்பட்ட கோயிற் பதிவுகளின் பெயர்களை மொழியியலார் உற்றுநோக்குதல் வேண்டும். 'கைங்கரியப்பட்டி' என்பதன் அருகே 'சவால்-ஜவாபு பட்டி', 'பைமாயிஷி' கணக்கு என்பன நிற்கின்றன. சவாலும் ஜவாபும் அரபு, பைமாயிஷ் பாரசீகம், அளவீடு என்பது அதன் பொருள். வைணவத் தலம் ஒன்றின் பூசைமுறையும் நிலமும் வினா-விடையாகப் பதிவானபோது, அப்பதிவின் தலைப்பிற்கு அயன்மொழிச் சொற்கள் எவ்விதக் கூச்சமுமின்றி வந்தமைந்தன. கார்வேட்டிநகர், காளஹஸ்தி ஜமீன்தார்கள் செலுத்திய 'பேஷ்குஷ்' முன்வைக்கும் காணிக்கை எனும் பாரசீகப் பொருளிலிருந்து நிலையான அரசு வரி எனும் பொருளுக்கு நகர்ந்ததும் இவ்வாறே. வசூல், பாக்கி, அசல், நகல், ஜப்தி, கைது ஆகியவற்றை இன்றும் நாவில் வைத்திருப்பவர்க்கு இச்சுவடிகள் முற்றிலும் அந்நியமல்ல. துப்பாக்கி எனும் சொல்லின் வேரைத் தேடுவோர் துருக்கியம்வரை செல்லவேண்டியிருக்கும்.

இவ்வளவு நெருங்கிய சொத்து பொதுமக்கள் முன் வைக்கப்படும் முறைதான் குறைபாடுடையது. கண்காட்சிகளில் பாரசீக, அரபுச் சுவடிகள் பெரும்பாலும் பொன்விளிம்புக்காகவும் நஸ்தாலிக் எழுத்தழகுக்காகவும் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டப்படுகின்றன. நூற்பெயர், ஆசிரியர், காலம் என மூன்று வரிகளோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. அழகு மதிக்கத்தக்கதே; ஆனால் பார்ப்பவர் வியந்து அப்பால் நகர்கிறார், படிப்பதில்லை. 2003இல் தேசியச் சுவடி இயக்கம் தொடங்கியபின் பட்டியலிடுதலும் படிமமாக்கலும் விரைவுபெற்றன. படிமம் எழுத்தைக் காக்கும், பொருளைத் தராது. திருப்பதிக் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் சமஸ்கிருத, தெலுங்கு, தமிழ் ஓலைச்சுவடிகளுக்காக அறியப்பட்டது. அரபு, பாரசீகச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. ஓர் ஊரின் வரலாறு இவ்வாறு மொழிவாரியாகப் பிரிந்து இரு நகரங்களில் கிடக்கிறது.

இந்நிலையில் முழுநூல் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருத்தல் தேவையற்றது. துஸக்கில் வட ஆற்காட்டு நிலப்பகுதியைச் சார்ந்த பகுதிகளை மட்டும் பாரசீக மூலத்திலிருந்தே நேரடியாகத் தமிழிலும் தெலுங்கிலும் பெயர்க்கலாம். பாரசீகம் கற்றவர் ஒருவரும் ஊர்ப்பெயராய்வாளர் ஒருவரும் இணைந்தால் அப்பணி இயலும். மூல வரிவடிவம், தமிழ் எழுத்துப்பெயர்ப்பு, பொருள் என மூன்றும் ஒரே பக்கத்தில் அமையவேண்டும். அப்பக்கத்தின் படியே கண்ணாடிப் பெட்டியின் அருகிலும் வைக்கப்படுமாயின், சித்தூரிலிருந்து வரும் பள்ளி மாணவர் அந்நான்கு எழுத்துகளில் தம் ஊரைத் தாமே படித்தறிவார்.