விவாத மேடையில் முன்னிலையும் படர்க்கையும்

அரசியல் விவாதங்களை ஆராய்வோர் பெரும்பாலும் வாதத்தின் பொருளையே நோக்குவர். வேட்பாளர் ஒருவரையொருவர் எவ்வாறு சுட்டுகின்றனர் என்பதை நோக்குவார் சிலரே. மேடையில் நிற்போர் தம்முட் பேசுவதுபோலத் தோன்றினும், அவர்கள் கேட்பிக்க விழைவது வாக்காளரையே. ஆதலின் அருகே நிற்பவரும் படர்க்கையாகிவிடுகிறார். 1960 செப்டெம்பர் 26இற் சிக்காகோ நகரில் நிகழ்ந்த தொலைக்காட்சி விவாதத்தில் நிக்சன் தொடக்கத்திற் கெனடியையும் விளித்தாரெனினும், உடனே அவரைப் படர்க்கையிற் சுட்டினார். செனற்றர் கெனடி கூறியவற்றோடு நம்மிற் பலர் உடன்படலாம் என்றே தம் உரையைத் தொடர்ந்தார். முன்னிற்பவர் கேட்குமாறு, ஆனால் அவரை விளியாது, பிறரைப் பற்றிக் கூறுவதுபோற் கூறுதலைத் தொல்காப்பியம் முன்னிலைப் புறமொழி என்னும். அகப்பொருள் பற்றி எழுந்த பெயரேனும், இவ்விவாத மொழிக்கு இதனினும் பொருந்துவதொன்றைக் காண்டல் அரிது.

இம்மரபு உடையும் இடமே கூர்ந்து நோக்கற்பாலது. 1988 ஒக்டோபர் 5இல், நெபிராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில், உப சனாதிபதி வேட்பாளர் இருவர் எதிர்ப்பட்டனர். சனாதிபதிப் பொறுப்புத் தம்மை வந்தடையின் யாது செய்வார் என மீண்டும் மீண்டும் வினாவப்பட்ட டான் குவேல், அப்பதவியை நாடியபோது ஜாக் கெனடிக்கு இருந்த அளவு காங்கிரஸ் அனுபவம் தமக்கும் உண்டென்றார். லொயிட் பென்ற்சன் விடையிறுத்தார்: "செனற்றர், நான் ஜாக் கெனடியோடு பணிபுரிந்தேன். ஜாக் கெனடியை நான் அறிவேன். ஜாக் கெனடி என் நண்பர். செனற்றர், நீர் ஜாக் கெனடி அல்லீர்."

முதல் மூன்று வாக்கியங்களில், விளியை நீக்கினாற் குவேலுக்கு இடமேயில்லை. பேசுவோரும் இறந்தவருமே உளர். அவ்விருவருக்கிடையே உறவு நிலைபெற்ற பின்னரே 'நீர்' வருகிறது, எதிர்மறைப் பயனிலையோடு. (ஆங்கில முன்னிலைப் பெயருக்கு மரியாதைப் படிநிலை இல்லை, மரியாதை முழுவதையும் 'செனற்றர்' என்னும் விளியே சுமக்கிறது. அம்மரியாதையே அடியின் வலுவைக் கூட்டியதும்.) குவேலின் மறுமொழியோ, அது உண்மையிற் சொல்லத்தகாதது, செனற்றர், என்பது. எழுவாய் 'அது', செயலைக் குறைகூறினாரேயன்றிச் செய்தவரைச் சுட்டினாரல்லர். ஒப்பிட்டவர் நீரே, செனற்றர், என்று பென்ற்சன் மீண்டும் முன்னிலைக்கே இழுத்தார்.

இதனை விவாதக்கலையின் சிகரமெனப் புகழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். குவேல் ஒப்பிட்டது ஆண்டுகளை. பென்ற்சன் மறுத்தது ஆளை. கெனடி 1947 முதலும் குவேல் 1977 முதலும் காங்கிரஸில் இருந்தவர்கள். ஆகவே எண்ணளவிற் குவேலின் கூற்றுப் பெரிதும் பிழையன்று. ஆண்டுகள் ஒத்தமையால் தகுதியும் ஒக்குமோ என்பதே எழுப்பத்தக்க வினா. அதனைப் பென்ற்சன் எழுப்பவில்லை. அவையோர் ஆரவாரித்தனர். அவ்வாண்டு நவெம்பரில் வென்றவர் குவேல். பொறுப்பு வந்தடையின் யாது செய்வார் என்பதற்கு அன்றிரவு தெளிவான விடை கிடைக்கவில்லை.