தரிசு: யார் வைத்த பெயர்?

நிலத்தை அளப்பவன் நிலத்துக்குப் பெயரும் வைக்கிறான். புதுக்கோட்டை மாவட்டத்தின் புதர்க்காடுகளைப் பற்றிப் பேசப் புகும் எவரும் முதலில் இந்தப் பெயரிடும் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது. அளவைக் குறிப்பும் ஒரு பிரதிதான். அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இரண்டு அரசு வரையறைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மர விதானம் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது காட்டுப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்ற கேள்வியே கிடையாது. தேசியத் தொலையுணர்வு மையத்தின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலோ 'அடர்ந்த புதர் உள்ள நிலம்' என்பது தரிசில் ஒரு வகை. சேர்த்து வாசித்தால் கிடைப்பது இது: வரிசையாய் நட்ட தைலமரத் தோப்பு காடு, காரையும் சூரையும் களாவும் பின்னிக் கிடக்கிற இடம் தரிசு!

தைலமரத்தை இங்கே ஜனங்கள் 'ஆர்.எஸ்.பதி மரம்' என்கிறார்கள். தைலப் புட்டியின் பெயரே மரத்துக்கும் ஆகிவிட்டது. சரக்கின் பெயரால் மரத்தை அழைக்கும் இந்த வழக்கைவிடக் கூர்மையான விமர்சனம் எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை. புதுக்கோட்டை தனி மாவட்டமான அதே 1974இல்தான் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. காகிதக் கூழுக்கான தோட்டங்கள் இம்மாவட்டத்தில் பெரும்பரப்பில் விரிந்தன. காகிதத்தில் அச்சாகும் நம் எழுத்தும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

வெள்ளாறும் அக்னியாறும் மழைக்கால ஆறுகள். மாவட்டத்தின் 5,000க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களில் பெரும்பாலானவை மேட்டு நிலத்திலிருந்து ஓடிவரும் மழைநீரை நம்பியவை. மரம் தண்ணியக் குடிக்குதா இல்லையான்னு நிபுணர்கள் அடிச்சுக்கட்டும். வரத்து வாரிய மறிச்சு வரப்புப் போட்டா கண்மாய் நெறையாதுங்கிறதுக்கு நிபுணர் எதுக்கு?

இம்மண்ணின் இயல்பான தாவரத்தொகுதி ஒன்று உலர் பசுமைமாறாக் காடு. 1968இல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் கொண்ட, அதிக உயரம் போகாத, கொடிகள் அடர்ந்த காடு. வெட்டினாலும் தூரிலிருந்து தழைக்கக்கூடியது. ஆனால் மார்பளவு உயரத்தில் தண்டின் சுற்றளவை அளக்கும் முறைக்கு இத்தூர்கள் அகப்படுவதில்லை. ஆடு கடித்து, அரிவாள் பட்டு முழங்கால் உயரத்தில் நிற்கும் வீரைத் தூருக்கு எத்தனை வயதோ! ஏட்டில் அது வெறும் புதர். பிறகு இயந்திரம் வருகிறது, நிலம் 'சுத்தமாகிறது', குழி வெட்டிக் கன்று நடப்படுகிறது. அழித்ததன் மேல் நடப்பதற்கு மறுசீரமைப்பு என்று பெயர்.

சீமைக்கருவேலத்தை அகற்றும்போதும் இதே அபாயம் உண்டு. வேரோடு பிடுங்கும் இயந்திரம் அதன் நிழலில் ஒதுங்கியிருக்கும் உள்ளூர்த் தூர்களைப் பிரித்தறியாது. அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களையும் அறியாது.

மாற்றாகப் பலரும் கோயில்காடுகளைக் காட்டுகிறார்கள். அய்யனார் கோயில்களைச் சுற்றி எஞ்சியிருக்கும் மரங்கள், இங்கு என்ன இருந்தது என்பதற்குச் சாட்சிகள். விதைக்கும் ஒப்பீட்டுக்கும் அவை இன்றியமையாதவை. ஆனால் புனிதம் என்ற சொல்லையும் நாம் அப்படியே விழுங்கிவிட முடியாது. யாருக்கு முதல் மரியாதை, யார் எதுவரை வரலாம் என்ற சாதியின் எல்லைக்கோடுகள் புனித வெளிகளுக்குள்ளும் ஓடுகின்றன. பத்திரமில்லாதவர்கள் ஆடு ஓட்டிப் போவதும் சுள்ளி பொறுக்குவதும் புறம்போக்கில்தான். 'தரிசு' என்று எழுதியதும் செடியோடு அவர்களது உரிமையும் ஏட்டிலிருந்து மறைகிறது.

2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 23.7 சதவீதப் பசுமைப்பரப்பை 33 ஆக்குவதை இலக்காக வைத்தது. சதவீதம் மர விதானத்தைத்தான் எண்ணும். அதை நிரப்பப் புதர்க்காட்டைப் பலியிடும் ஆபத்தைத் தடுக்கச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கோடையில் ஒருமுறை, ஐப்பசி-கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை எனக் கணக்கெடுக்க வேண்டும். மழைக்குப் பின்னரே தலைகாட்டும் புல் பூண்டு கோடைக் கணக்கில் வராது. தூரையும் கொடியையும் பதிய வேண்டும். நடுவதற்கு முன், விட்டுவைத்தால் எது தானே தழைக்கும் என்று பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராமசபையில் வாசித்து, ஆடு மேய்க்கிறவர்களும் விறகு எடுக்கிற பெண்களும் திருத்திய பிறகே திட்டம் போக வேண்டும்.

அதுவரை எந்தத் திட்ட அறிக்கையில் 'தரிசு' என்ற சொல் வந்தாலும், அங்க என்னென்ன செடி நிக்குது, அதுல யார் யார் பொழைக்கிறாங்கன்னு கேட்போம்.