அடுக்களைக்கு வந்த எந்திரம்

அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தன. அவை வீற்றிருந்த இடத்தில் மின்சாரத்தால் சுழலும் எந்திரங்கள் அமர்ந்துவிட்டன. புகையூதிக் கண் கலங்கிய அடுப்பங்கரையில் எரிவாயு நீலச்சுடர் வீசுகிறது. காட்சி மாறிற்று, மறுப்பதற்கில்லை. காட்சி மாறியதாலேயே கதையும் மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி.

வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே! அரைப்பதற்கு அம்மி வேண்டாம் என்று முடிவு கட்டிய குடும்பம், மணவிழா என்றதும் அதே அம்மியைத் தேடிக் கொண்டுவந்து மணமகளின் காலை அதன்மேல் வைக்கிறது. கல் வேலையிழந்தது, கல்லின் பெயரால் நடக்கும் சடங்கு வேலையிழக்கவில்லை. கருவி போனாலும் கருத்துப் போகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எந்திரத்தை இகழ்வது பகுத்தறிவாளர் வேலையன்று. கோவையில் 1955-ஆம் ஆண்டு சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்லப்படும் மாவரைக்கும் எந்திரத்தைப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது. குழவி சுழலும், அதைச் சுழற்றும் பெண்ணின் தோளும் சுழலும். எந்திரத்திலோ உரல் சுழல்கிறது, குழவி தன் இடத்திலேயே நிற்கிறது. கல் கல்லாகவே இருப்பதால் மாவின் பதம் கெடவில்லை. சுவையைக் காத்து, தோள்வலியை நீக்கிய நல்லறிவு அது! மிக்சியின் வரலாறும் அத்தகையதே. மென்மையான பண்டங்களைக் கலக்கவென்று ஐரோப்பாவில் செய்த கருவி, நம் உளுந்துக்கும் தேங்காய்க்கும் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. நம் சமையலுக்கு ஏற்ற வலிமையான மோட்டாருடன் 1960-களில் இந்தியாவிலேயே மிக்சி பிறந்தது. மக்கள் வாழும் முறையை அறிந்து செய்த கருவியே மக்களிடம் நிலைக்கும் என்பதை இவ்விரண்டும் மெய்ப்பித்தன.

ஆனால் வாழும் முறையை அறிந்து செய்தவர்கள், அம்முறையில் இருந்த அநீதியையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அரைக்கும் முறை ஆராயப்பட்டது. அரைப்பவர் யார் என்பது ஆராயப்படவில்லை. விளம்பரப் படத்தில் எந்திரத்தின் அருகே புன்னகையுடன் நின்றவள் யார்? பெண்! நாள் முழுதும் நின்றவளுக்கு நிற்க ஒரு புதிய இடம் கிடைத்தது, அவ்வளவே.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. செருமனியின் பிராங்க்பர்ட் நகரில், 1926-ஆம் ஆண்டு, மார்கரேட் சூட்டே-லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். தொடர்வண்டியின் உணவுப்பெட்டியில் சமையற்காரர் எவ்வாறு சிறிய இடத்திலே விரைந்து பணியாற்றுகிறார் என்பதை முன்மாதிரியாகக் கொண்டார். எத்தனை அடி நடக்கவேண்டும், எத்தனை நேரம் செல்லும் என்றெல்லாம் கணக்கிட்டார். அகலம் 2 மீட்டருக்கும் குறைவு, நீளம் 3 மீட்டருக்குச் சற்று மிகுதி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்றைய அடுக்குமாடிச் சமையலறைகளுக்கெல்லாம் அதுவே மூதாதை. பெண்ணின் நேரத்தை மீட்டுத் தரவேண்டுமென்ற உயர்ந்த நோக்கம்தான். எனினும் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய அறை அது. துணைக்கு இன்னொருவர் வந்தால் இடிக்கும். அந்த ஒருவர் யார் என்று கேட்கவேண்டியதில்லை. நடை குறைந்தது, தனிமை வளர்ந்தது. பிற்காலப் பெண்ணுரிமையாளர் அதைக் குறைகூறியது இதனாலேதான்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நூல் இந்த உண்மையை இன்னும் கூர்மையாக்கியது. புதிய கருவிகள் வந்தபோது விறகு பிளப்பது போன்ற, ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் மறைந்தன. மனைவியின் வேலையோ நீடித்தது, தூய்மையின் அளவுகோல் உயர உயரப் புதிய வேலைகளும் சேர்ந்தன என்று அவர் காட்டினார். எந்திரம் விடுதலை கொடுத்தது, ஆனால் ஆணுக்கு!

அடுக்களையில் அடைபட்ட இந்த உண்மையைத் திரைக்குக் கொண்டுவந்தது 2021-ஆம் ஆண்டு ஜியோ பேபி இயக்கத்தில் வெளியான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படம். 2023-இல் அது தமிழிலும் வந்தது. அந்த வீட்டிலே கருவிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மாமனார் சோறு விறகடுப்பில் வேகவேண்டும் என்கிறார், சட்டினி அம்மியில் அரைபடவேண்டும் என்கிறார், தம் துணி எந்திரத்தில் துவைபடக் கூடாது என்கிறார். அதட்டவில்லை, அடிக்கவில்லை, அமைதியாக, அன்பாகச் சொல்கிறார்! சுவை என்றும் மரபு என்றும் பெயர் சூட்டிக்கொண்டு ஆதிக்கம் அந்த வீட்டில் உலவுகிறது. ஒழுகும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்யக் கணவனுக்கு நேரமில்லை. அந்த நாற்றத்தில் நிற்பவன் அவன் அல்லவே! விலக்கு நாள்களில் மட்டும் அவளுக்கு அடுக்களை தீட்டாகிறது. படத்தின் வலிமை இதிலேதான்: அது கொடியவனைக் காட்டவில்லை, வழக்கத்தைக் காட்டுகிறது. குறையும் உண்டு. சடங்கில் ஊறிய குடும்பத்தையே குற்றக்கூண்டில் நிறுத்துவதால், சடங்கை விட்டவன் தான் தப்பித்ததாக எண்ணிக்கொள்ள இடம் தருகிறது.

தப்ப முடியுமா? இந்திய அரசின் நேரப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் சொன்னது: ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். 2024-இல் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமையில் 10 நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கிலும் 9 நிமிடம் குறைந்தது. ஐந்தாண்டில் இடைவெளி சுருங்கியது ஒரே ஒரு நிமிடம்! அந்த வேலையைத் தொடாத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் மறவாதீர்.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் ஏழை வீடுகளுக்கு மிக்சியும் கிரைண்டரும் விலையின்றி வழங்கியது. வேண்டிய செயல்தான், கூலிவேலை முடித்து வந்த தாயின் கைக்கு அது ஓய்வளித்தது. ஆனால் அரசு எந்திரத்தைக் கொடுக்கலாம். அதன் விசையை அழுத்தும் விரல் யாருடையது என்பதை அரசு முடிவு செய்ய இயலாது. அதை முடிவு செய்யவேண்டியவர் வீட்டில் இருக்கிறார். இருவர் அருகருகே நின்று சமைக்கக்கூடிய அறையைக் கட்டுங்கள். ஆணும் நிற்கும் விளம்பரத்தை வரையுங்கள். அப்பா அரைப்பதாகவும் மகன் பாத்திரம் கழுவுவதாகவும் பாடப்புத்தகத்தில் படம் இடம்பெறட்டும். ஆசிரியன் என்ற முறையில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்த நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

இளைஞனே, மேடையில் நீ மூடநம்பிக்கையைச் சாடுகிறாய், கைதட்டுகிறோம். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், "காப்பி எங்கே?" என்று கேட்கிறாயே, அந்தக் கேள்விக்குள்ளே ஒளிந்திருக்கும் நம்பிக்கையை எப்போது சாடப்போகிறாய்?