வெள்ளித்திரையில் 1795

‘தக்ஸ் ஒஃப் ஹிந்தோஸ்தான்’ என்னும் இந்திப் படம் 2018ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் தீபாவளியையொட்டி வெளிவந்தது. யஷ் ராஜ் நிறுவனத்தார் 200 கோடி இந்திய ரூபாவுக்கு மேற் செலவிட்டனர் எனப்பட்ட இதனை எழுதி இயக்கியவர் விஜய் கிருஷ்ண ஆச்சாரியா. அமிதாப் பச்சனும் ஆமீர் கானும் முதன்முறையாக இதில் இணைந்து நடித்தனர். மால்டாத் தீவிற் படப்பிடிப்புக்கெனவே இரு பெருங்கப்பல்கள் கட்டப்பட்டன. தமிழிலும் குரல் மாற்றி வெளியிட்டனர். முதல் நாளில் 50 கோடிக்கு மேல் ஈட்டிய படம் சின்னாட்களிலேயே சரிந்தது. அம்மாதம் முடியுமுன்னரே ஆமீர் கான் பார்வையாளரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். பொருளும் புகழும் குறைவின்றி வாய்த்தும் படம் வீழ்ந்தமைக்குக் காரணம் யாது?

கதை தொடங்குவது 1795இல். ரௌனக்பூர் என்னும் கற்பனை நாட்டைக் கும்பினித் தளபதி கிளைவ் வஞ்சகத்தாற் கவர்ந்து, அரச குடும்பத்தைக் கொல்கிறான். இளவரசி சஃபீராவை மட்டும் குதாபக்ஷ் என்னும் வீரன் காப்பாற்றுகிறான். பதினோராண்டு கழிந்தபின் அவன் ‘ஆசாத்’ என்ற பெயருடன் கடலிற் கும்பினிக் கலங்களைத் தாக்குகிறான். அவனைக் காட்டிக்கொடுக்க ஃபிராங்கி என்னும் கபடன் ஏவப்படுகிறான்.

தக்கர் எனப்பட்டோர் வழிச்செல்வாருடன் நட்புப் பூண்டு, தனியிடத்திற் கழுத்தை நெரித்துப் பொருள் பறித்தவர் என்பர். அவர்களைப் பற்றி இன்று அறியப்படுவதிற் பெரும்பகுதி, அவர்களை ஒடுக்கிய சிலீமன் முதலிய ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்ததே. அவ்வெழுத்தை ஐயுற்று மறுபக்கத்தை ஆராயும் ஒரு படம் எடுத்திருப்பின், அஃது அரிய முயற்சியாய் அமைந்திருக்கும். இயக்குநரோ பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, தரைவழிக் கள்வரைக் கடலேற்றி விடுதலை வீரராக்கிவிட்டார்.

கற்பனை நாடு கூடாதென்பதன்று வாதம். ஒரே வரி எழுத்திற் படம் தாவிக் கடக்கும் அப்பதினோராண்டுகள் எத்தகையவை என்பதை எண்ணுதல் வேண்டும். 1795இலேயே ஆங்கிலேயர் திருகோணமலை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு ஆகியவற்றை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். 1799இற் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் அம்முடிவையே எய்தினர். 1803 ஓகஸ்டிற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கி ஆங்கிலப் படையை அங்கிருந்து வெளியேற்றினான். ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் தளபதி திரிபேர்க்கின் படையாற் சூழப்பட்டுத் தோற்றான். 1806இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். கிளர்ச்சியைப் பாடவந்த கதை, கிளர்ச்சிகள் மலிந்த காலத்தையே வெற்றிடமாக விட்டுச் சென்றது வியப்பே.

இக்கிளர்ச்சிகளுட் பலவற்றுக்கு வேராயிருந்தது திறை. வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுக்கும் நிலைக்கு ஆளாகியிருந்தனர்; பாஞ்சாலங்குறிச்சியிற் கிஸ்தியே பூசலாயிற்று. பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இலேயே இதை உணர்ந்திருந்தது. அதன் வசனம் எத்துணை உரத்ததாயினும், சினத்தின் காரணம் ஒவ்வொருவர்க்கும் விளங்கும். ஆமீர் கானே நடித்த ‘லகான்’ (2001) இன்னும் தெளிவு. மழை பொய்த்த ஊரின்மீது இரட்டை வரி விழுகிறது. மாரியையும் குளத்தையும் நம்பிப் பயிரிடும் எந்த ஊரானுக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ரௌனக்பூரின் குடிகளோ எதை விதைத்தனர், கும்பினி அவர்களிடம் எதைப் பறித்தது என்பன காட்டப்படவேயில்லை. கிளைவ் கொடியவன், அவ்வளவே. ஆட்சி ஒன்றின் கொடுமை தனியொருவனின் கொடுமையாகச் சுருங்கியதால், இளவரசியின் பழி தீர்ந்தாலும் நாடு மீண்டதென்ற உணர்வு எழவில்லை.

காதலும் அவ்வாறே. கத்ரினா கைஃப் ஏற்ற ஆடல் மகள் சுரையா, ஆடுவதற்கென வருகிறாள்; ஆடியபின் கதைக்கு அவள் வேண்டியதில்லை. அஜய்-அதுல் இசைக்கும் அதற்குமேல் வேலை வைக்கப்படவில்லை.

உண்மையில் இப்படத்தைத் தாங்கியிருக்கக்கூடியவன் ஃபிராங்கி. காட்டிக்கொடுப்பவனின் உள்ளம் ஆழமான பொருள். வன்னியில் வழங்கும் கதையும் நாடகமும் பண்டாரவன்னியனின் வீழ்ச்சிக்குக் காக்கை வன்னியனைக் காரணமாக்குகின்றன. சங்கிலியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு யாழ்ப்பாண வைபவமாலை தரும் பெயரும் அதுவே; ஆதலின் பழைய துரோகியின் பெயர் பின்னைய கதையில் வந்தேறியது எனக் கருத இடமுண்டு. தோல்வியைப் பீரங்கியால் மட்டும் விளக்க மனமின்றி, தம்மவருள் ஒருவனைத் தேடிய மக்களின் வேதனை அப்பெயரில் தங்கியிருக்கிறது. ஃபிராங்கியோ பலமுறை பக்கம் மாறுகிறான். ஒவ்வொரு முறையும் அது வேடிக்கை. ஆமீர் கானின் கண்சிமிட்டலும் குறும்பும் முதல் அரைமணி நேரம் இனிக்கின்றன. அவனால் ஆசாத்தின் கூட்டம் அழிவை எதிர்நோக்கும் இடத்தும் அதே குறும்பு தொடர்கையில், அவன் மனம் எப்போது திரும்பியது, ஏன் திரும்பியது என்பது பார்ப்பவனுக்கு எட்டுவதில்லை. அக்கேள்விக்கு விடைகூற ஒரு நீண்ட காட்சி போதுமாயிருந்தது. அதற்கு இரண்டு கப்பல்கள் வேண்டியதில்லை.