பட்டியலில் வராதவர்கள்

மனித உரிமை மீறல்களை எண்ணால் அளக்கும் முயற்சி குறித்து நம்மிடையே இருவேறு மனப்பாங்குகள் உள்ளன. வெளியாகும் எண்ணை ஐயமின்றி ஏற்பது ஒன்று. உயிரை எண்ணாக்குவதே அநீதியென ஒதுக்குவது மற்றொன்று. இரண்டும் போதா என்பதே நம் கருத்து.

சிரியா குறித்து ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரை மோதலில் நேரடியாகக் கொல்லப்பட்ட பொதுமக்கள் 3,06,887 பேர் என அது மதிப்பிட்டது. அவர்களில் 1,43,350 பேரே விவரங்களோடு பதிவானவர்கள். எஞ்சிய 1,63,537 பேர் புள்ளியியல் முறையால் மதிப்பிடப்பட்டவர்கள்.

எவரும் எழுதிவைக்காதவரை எங்ஙனம் எண்ணுவது? ஓர் ஊரில் இருவர் தனித்தனியே பட்டியல் திரட்டுவதாகக் கொள்வோம். முதற்பட்டியலில் 100 பெயர்கள்; அடுத்ததில் 80; பொதுவானவை 40. இரண்டாமவர் கண்டவர்களில் பாதிப் பேரையே முதலாமவர் கண்டிருக்கிறார். எனவே, மாண்டோர் அனைவரிலும் அவர் பாதியையே கண்டிருப்பார். மொத்தம் ஏறக்குறைய 200 எனலாம். பல பட்டியல்களை ஒப்பிடும் இம்முறையாலேயே பெரு நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையமும் 2003இல் 69,280 என்னும் மதிப்பீட்டை அடைந்தது.

முறையின் குறையும் இங்கேயே உள்ளது. இருவரும் ஒரே தெருக்களில் விசாரித்திருப்பின் பொதுப்பெயர்கள் பெருகும். மொத்தம் உண்மையினும் குறைந்து தோன்றும். பட்டியல்கள் பலவாயின் இச்சார்பை ஓரளவு திருத்தலாம். ஆயினும், எவரும் நுழைய இயலாத சிற்றூரை எந்தச் சூத்திரமும் காணாது. உணவும் மருந்துமின்றி மாண்டோரும் மேற்கண்ட சிரியக் கணக்கில் இல்லை.

இக்குறைக்கு மிகைப்படுத்துதல் மாற்றாகாது. 1992–95 பொஸ்னியப் போரில் இரண்டு லட்சம் பேர் மாண்டதாக நெடுங்காலம் கூறப்பட்டது. சரயேவோவின் ஆய்வு, ஆவண மையம் 2007இல் இறந்தோரும் காணாமற்போனோருமாக 97,207 பேரைப் பெயரோடு பதிவுசெய்தது. எண் குறைந்தது சிலருக்கு மனவருத்தம் தந்தது. ஆனால், மாண்ட பொதுமக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பொஸ்னிய முஸ்லிம்கள் என்பதை நிறுவியதும் அப்பட்டியலே. ஆதாரமற்ற பேரெண்ணை மறுப்பாளர் எளிதில் தகர்ப்பர். பெயர்களைத் தகர்ப்பது அரிது.

ஆகவே, ஒவ்வொரு மதிப்பீடும் தன் பிழை எல்லையையும், யாரை எண்ணியது, யாரை விட்டது என்பதையும் உடன் கூறல் வேண்டும். மதிப்பீடு பெயருக்கு ஈடாகாது. இன்னும் எத்தனை பெயர்களைத் தேடவேண்டும் என்பதையே அது உணர்த்துகிறது. 2024 டிசம்பரில் அசத் ஆட்சி வீழ்ந்து சிரியச் சிறைகள் திறக்கப்பட்டபின் அத்தேடல் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகிவிட்டது.